மெஷின் அதிர்வு பார்க்கும் சேவை: மட்டக்குளி பேக்டரியில் ஒரு வருட அனுபவம்

பொய்லர் புகையை இழுக்கும் ஃபேன் மோட்டருக்கு மூன்று வருடத்தில் நாலு தடவை பெயாரிங் (சுற்றும் அச்சைத் தாங்கும் குண்டு வளையம்) மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். ராத்திரி ஷிப்டில் சத்தம் கூடும், விடிவதற்குள் மோட்டரில் கை வைக்க முடியாத சூடு, பொய்லரை நிறுத்துவோம், பொய்லர் நின்றால் நீராவி இல்லை, நீராவி இல்லையென்றால் அட்டை ஒட்டும் லைன் முழுவதும் நிற்கும். நாலாவது தடவை பெயாரிங்கோடு சேர்ந்து வைண்டிங்கும், அதாவது மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும், எரிந்து போனது. அதற்குப் பிறகுதான் மாதம் ஒரு தடவை வந்து மெஷின்களின் அதிர்வு அளந்து பார்க்கும் ஒருவரைப் பிடித்தோம். இப்போது வருடம் ஒன்று முடிந்துவிட்டது, நல்லதும் குறையும் எல்லாம் தெரிந்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் மட்டக்குளியில் கார்ட்டன் பெட்டி செய்கிற நடுத்தர பேக்டரி. மோட்டர், பம்ப், ஃபேன், கொம்பிரஸர் என்று 16 மெஷினை இந்தச் சேவையில் சேர்த்திருக்கிறோம். சேவை நடத்துகிறவர் ஒரு நானா, கூட உதவிக்கு ஒரு பொடியன், அவ்வளவுதான். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் பேக்டரிகளே போதும், புதிதாக எடுத்தால் இருக்கிறவர்களுக்கு ஒழுங்காகச் செய்ய முடியாது என்றார். அந்தப் பேச்சே எனக்குப் பிடித்தது. இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் கொழும்பில் வேறும் இருக்கிறார்கள், யாரை எடுத்தாலும் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும்.

முதல் நாள் வந்தபோது மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. எங்கள் மூத்த பிட்டர் ஹட்டன் பக்கத்து ஆள், தேயிலைப் பேக்டரியில் இருபது வருடம் ஃபேன் பார்த்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஸ்க்ரூ டிரைவரின் கூர் முனையைப் பெயாரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பார். நானா நேரே அவரிடம் போய், "அண்ணே, எந்தெந்த மெஷின் உங்களுக்கு மனசுக்குச் சரியில்லை, சொல்லுங்க" என்று கேட்டார். அண்ணே ஐந்து மெஷினைக் காட்டினார். பிறகு அளந்து பார்த்தபோது நாலில் கோளாறு இருந்தது. காதுக்குக் கேட்கிற நேரம் பெயாரிங் ஏற்கெனவே பாதி போயிருக்கும், மீட்டர் அதை முன்கூட்டியே பிடிக்கும், வித்தியாசம் அவ்வளவுதான் என்று நானா சொன்னது அண்ணேக்கும் சம்மதமாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சுற்றுகிறார்கள்.

அளக்கும் முறை இதுதான். பெயாரிங் இருக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தை மினுக்கி, காந்தம் வைத்த சென்சரை அதில் ஒட்டுகிறார். ஒவ்வொரு மாதமும் அதே புள்ளி, அதே திசை, மெஷின் அதே லோடில் ஓடும்போது. புள்ளி மாறினால் போன மாத அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. 15 கிலோவாட் வரையான சின்ன மெஷின்களுக்கு ஐஎஸ்ஓ 10816 என்கிற பழைய சர்வதேச அளவுகோல் சொல்வது: அதிர்வு வேகம் செக்கனுக்கு 1.8 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 4.5ஐத் தாண்டினால் மெஷின் கெடும். எங்கள் பொய்லர் ஃபேன் மோட்டர் சரியாக 15 கிலோவாட். முதல் அளவு 6.2.

இங்கேதான் இவருக்கும் வெறும் மீட்டர் வைத்திருக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம். 6.2 என்று எழுதி, பெயாரிங் மாற்றவும் என்று ரிப்போர்ட் தந்துவிட்டுப் போயிருக்கலாம், நாங்களும் ஐந்தாவது தடவை மாற்றியிருப்போம். அவர் கேட்டது, கடைசியாகக் கழற்றிய பெயாரிங் எங்கே என்று. பழைய இரும்புப் பெட்டியில் கிடந்தது. கிரைண்டரால் வெளி வளையத்தை இரண்டாக வெட்டச் சொன்னார், மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குண்டுகள் ஓடிய தடம் வளையத்தின் விளிம்புக்குச் சமாந்தரமாக இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சரிவாகப் போயிருந்தது. அசையாமல் இருக்கிற வளையத்தில் இப்படிச் சரிவான தடம் விழுந்தால் பெயாரிங் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். நான் இந்த வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன், எத்தனையோ பெயாரிங் கழற்றி எறிந்திருக்கிறேன், ஒன்றைக்கூட இப்படி வெட்டிப் பார்த்ததில்லை. அந்தக் குப்பைப் பெட்டிக்குள்தான் பதில் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மோட்டரின் ஒரு கால் தளத்தில் படவில்லை, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, நாங்கள் போல்டை இறுக்கி இறுக்கி மோட்டர் உடம்பையே முறுக்கியிருக்கிறோம். பெல்ட் ஓடும் இரண்டு புலியும் (கப்பிச் சக்கரம்) ஒரே நேரில் இல்லை. அதைப் பிடிக்க லேசர் ஒன்றும் தேவைப்படவில்லை, ஒரு நூலைப் புலி முகத்தோடு இழுத்துப் பிடித்தபோதே இடைவெளி தெரிந்தது. பெல்ட் வழுக்குகிறது என்று தேவைக்கு மேல் இறுக்கியிருந்தோம். குண்டு பெயாரிங்கில் லோட் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும் என்று அவர் சொன்னபோது எங்களிடம் பெல்ட் இறுக்குகிற தம்பி அப்படியே நின்றுவிட்டான். ஃபேன் இலைகளில் கரி படிந்து சமநிலையும் போயிருந்தது. அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் படமாகப் பார்த்தால் ஃபேன் சுற்றும் வேகத்திலேயே ஒரு பெரிய முனை நிற்கும், அது சமநிலைக் கோளாறு. பெயாரிங் வெளி வளையத்தில் அடி விழுந்திருந்தால், 8 குண்டு உள்ளதில் ஒரு சுற்றுக்கு மூன்று சொச்சம் தடவை என்ற கணக்கில் முனை வரும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் காட்டுகிறவர் போதாது.

கிறீஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு எங்கள் பேக்டரியில் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் ஒரு பொடியன் கிறீஸ் கன்னோடு சுற்றி, வெளியே பிதுங்கும் வரை அடிப்பான். நல்ல பராமரிப்பு என்று நினைத்திருந்தோம். அந்த மோட்டரில் இருப்பது 6309 பெயாரிங், வெளி விட்டம் 100 மில்லிமீட்டர், அகலம் 25. விட்டத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் ஒரு தடவைக்கு வேண்டிய கிறீஸ் கிராமில் வரும், அதாவது 12.5 கிராம். எங்கள் கன் ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று யாருக்கும் தெரியாது. கன்டீனில் இருந்து சின்னத் தராசை எடுத்து வந்து, ஒரு கடதாசியில் பத்து அடி அடித்து நிறுத்தோம், 12 கிராம் வந்தது. ஆகப் பத்து அடி போதும், அதுவும் எங்கள் சூட்டுக்கும் தூசிக்கும் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. நாங்கள் கிழமைக்கு முப்பது நாற்பது அடி கொடுத்திருக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய கிறீஸ் உள்ளே கடையப்பட்டுச் சூடேறும், போக இடமில்லாமல் வைண்டிங் பக்கம் இறங்கும். எரிந்த மோட்டரைத் திறந்தபோது உள்ளே கிறீஸ் அப்பிக் கிடந்தது எங்களுக்கு ஞாபகம் இருந்தது, காரணம்தான் அப்போது விளங்கவில்லை. இன்னொன்று, மோட்டர் கிறீஸில் பல பொலியூரியா வகை, சாதாரண லிதியம் கிறீஸோடு கலந்தால் சில நேரம் தண்ணீராக இளகிவிடும். இப்போது எங்களிடம் இரண்டு கன், இரண்டு நிறம்.

மற்ற மெஷின்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் ஸ்டான்ட்பை பம்பை விட முடியாது. பொய்லருக்குத் தண்ணீர் கொடுக்க இரண்டு பம்ப், ஒன்று ஓடும், மற்றது அவசரத்துக்கு. அவசரத்துக்கு என்று வைத்ததை ஓட்டினால் இரண்டு கிழமையில் பெயாரிங் போய்விடும். புதுசாகப் போட்டு ஓடவே ஓடாத பெயாரிங் எப்படிப் போகும்? வெட்டிப் பார்த்தோம். தடத்தில் குண்டுக்குக் குண்டு எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில் நகம் பதிந்த மாதிரி வரிசையாகக் குழிகள். 2022ல் ஒரு கட்டத்தில் நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டரை அந்த பம்புகளுக்குப் பக்கத்தில்தான் வைத்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது தளம் அதிரும், நின்றுகொண்டிருக்கும் பம்பின் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று உரசி உரசிக் குழி பறிக்கும். மருந்துக்குச் செலவே இல்லை. கிழமைக்குக் கிழமை இரண்டு பம்பையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னார். ஜெனரேட்டர் காலுக்கு ரப்பர் வைத்தோம். அதற்குப் பிறகு அந்த பம்ப் சத்தம் போடவில்லை.

நானாவோடு நான் வாக்குவாதப்பட்டது டிசம்பர் வேலை பற்றி. வருடக் கடைசியில் லைனை நிறுத்தி, முக்கியமான மெஷின் எல்லாவற்றுக்கும் பெயாரிங் மாற்றுவது எங்கள் வழக்கம். வேண்டாம் என்றார். 1978ல் நௌலனும் ஹீப்பும் அமெரிக்காவில் விமானப் பராமரிப்பை வைத்து எழுதிய அறிக்கையைச் சொன்னார்: அவர்கள் பார்த்த விமான உதிரிகளில் வயதாக ஆகக் கெடுகிற தன்மை காட்டியவை 11 சதவீதம்தான், பெரும் பகுதி மாட்டிய புதிதில்தான் அதிகம் கெட்டன. விமானத்துக்குச் சரி, அட்டைப் பெட்டி மெஷினுக்கு எப்படி என்று கேட்டேன். உங்கள் பிரேக்டவுன் புத்தகத்தை எடுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தால் எங்கள் பெரிய நிறுத்தங்களில் பாதி ஜனவரி, பெப்ரவரியில். நன்றாக ஓடுவதைக் கழற்றி, அவசரத்தில் சுத்தியலால் அடித்துப் பூட்டி, நாங்களே கெடுத்திருக்கிறோம். போன டிசம்பரில் அளவு கூடியிருந்த மூன்று மெஷினை மட்டும் திறந்தோம். முதலாளிக்குப் பயம்தான், எனக்கும் பயம்தான். ஜனவரி ஒரு நிறுத்தமும் இல்லாமல் போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் பிந்தி வருகிறது, சில மாதம் பத்து நாள்கூட. வருவது முழுவதும் ஆங்கிலத்தில், படம் படமாக, அதை அண்ணே எப்படி வாசிப்பார்? நான் சண்டை போட்டுத்தான் கடைசியில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் வாங்கினேன், அதில் மெஷின் பெயர், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று மட்டும் இருக்கும். உண்மையில் அந்த ஒரு பக்கம்தான் வேலை நடக்க வைக்கிறது. ஒரு தடவை தவறாகவும் சொன்னார். வெக்கியூம் பம்பில் பெயாரிங் போகிறது என்றார், ஒரு ஷிப்ட் நிறுத்திக் கழற்றினால் பெயாரிங் சுத்தமாக இருந்தது, பெல்ட் மூடியின் போல்ட் ஒன்றுதான் தளர்ந்து ஆடியிருக்கிறது. அந்த ஷிப்டின் உற்பத்தி போனது போனதுதான். அடுத்த மாதம் காசு எடுக்கவில்லை, அதை நேர்மை என்று சொல்வேன், ஆனாலும் கழற்றும் முன் மூடி, போல்ட், காப்புத் தகடு எல்லாவற்றையும் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பது இப்போது எங்கள் பழக்கம். மெதுவாகச் சுற்றுகிற ரோலர்களுக்கு இந்த முறை அவ்வளவாகச் சரிவராது, அதையும் முதலே சொல்லியிருக்கலாம்.

பெயாரிங் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை, சேவையோடு சம்பந்தப்பட்டதுதான். பஞ்சிகாவத்தைப் பக்கமோ பழைய சோனகத் தெருப் பக்கமோ அலைந்தால் எந்த நம்பரும் கிடைக்கும், ஆனால் பெட்டியைப் பார்த்து நம்பக்கூடாது. ஒரு கடையில் வாங்கியதை நானா கையில் எடுத்து எழுத்தைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார். எஸ்கேஎஃப் கொம்பனிக்கு இதற்கென்றே ஒரு ஃபோன் செயலி இருக்கிறது, பெட்டியையும் பெயாரிங்கையும் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறார்கள். எங்களுடையது போலி என்று பதில் வந்தது. நாலு பெயாரிங்கில் எத்தனை அப்படியோ தெரியாது. இப்போது பில்லில் முழு நம்பரும் எழுதச் சொல்லித்தான் வாங்குகிறோம், 6309 என்று மட்டும் எழுதினால் எடுப்பதில்லை, சி3 வேண்டிய இடத்தில் சி3 என்று இருக்க வேண்டும், அது குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி கூடிய வகை, சூடான மோட்டருக்கு அந்தக் கூடுதல் இடைவெளி தேவை.

செலவு கேட்பவர்களுக்கு: வருடம் முழுவதற்கும் இவருக்குக் கொடுத்தது, அந்த நாலாவது தடவை எரிந்த வைண்டிங்கைத் திரும்பச் சுற்றியதற்கும் ஓவர்டைமுக்கும் பிந்திய ஓடருக்கும் போனதைவிடக் குறைவு. நாலைந்து மோட்டர் மட்டும் உள்ள சின்ன இடம் என்றால் மாதா மாதம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும், ஆனால் முதல் நாள் ஆளைக் கூப்பிட்டதும் ஒரு பழைய பெயாரிங்கைக் கையில் கொடுத்து, இது ஏன் போனது என்று கேளுங்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரை எடுங்கள். பார்க்காமல் விலைப்பட்டியலை நீட்டுகிறவரை விட்டுவிடுங்கள்.

பொய்லர் ஃபேன் மோட்டர் இந்த மாதம் 1.4. அண்ணே அதைப் பெல்ட் மூடியில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறார், மேலே பழைய 6.2ம் அழிக்காமல் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது ரோலர் கியர்பொக்ஸ் எண்ணெயில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதாக நானா சொல்லியிருக்கிறார். அதற்கு வேண்டிய போத்தலை அண்ணே இப்போதே கழுவி, கவிழ்த்து, காய வைத்துவிட்டார்.