டென்மார்க் கப்பல் ஓவியம், கன்வஸ் பிரதி: வானம் தேறியது, கயிறு தேறவில்லை

யாழ்ப்பாண நகரில் பெயர்ப்பலகையும் கலியாண அல்பமும் அடிக்கிற கடையொன்றில் செய்வித்த 20 அங்குல உயரப் பிரதி இது. மூல ஓவியம் டென்மார்க் ஓவியர் எக்கர்ஸ்பேர்க் 1828 இல் வரைந்தது: அந்நாட்டு ஹெல்சிங்கோர் துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் ரஷ்யப் போர்க்கப்பல் அசோவ், முந்தின வருஷம் கிரேக்கக் கரையில் நடந்த நவரினோ கடற்சமரில் நின்ற அதே கப்பல். ஓவியம் கொப்பன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசியக் காட்சியகத்துக்குச் சொந்தம். காப்புரிமை இல்லாததால் அவர்களின் தளத்திலேயே பெரிய படக் கோப்பு ஒன்றை இலவசமாக இறக்கலாம். கடைக்காரர் கூகிளில் தேடி எடுக்கிற படத்துக்கு மட்டும் ஓம் சொல்லக்கூடாது.

எக்கர்ஸ்பேர்க் கண்மதிப்பில் கப்பல் வரைந்தவர் இல்லை. கப்பற்கட்டு வரைபடங்களைப் பார்த்து, தூரமும் கோணமும் கணக்குப் போட்டு வரைந்தவர். ஆகவே இந்தப் படத்தின் உயிர் கயிறுகளில்தான். பிரதி சறுக்கியதும் அங்கேதான். கடையில் பாவித்தது முரட்டு இழைப் பொலியஸ்டர் கன்வஸ். மெல்லிய கறுப்புக் கோடு இழையின் மேட்டில் விழுந்து பள்ளத்தில் விழாமல் புள்ளிக்கோடாகிவிட்டது; உச்சிப் பாய்மரத்துக் கயிறுகள் அரைவாசி காணாமற் போயின. கோப்பில் குறையில்லை. அங்குலத்துக்கு 200 புள்ளி, அதாவது உயரத்தில் 4000 புள்ளி இருந்தால் இந்த அளவுக்குப் போதும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாய் விரித்துப் போனது. கப்பற்கயிறு தெரிந்த அந்த ஊர் வீட்டுச் சுவரில் இதைக் கொழுவினால் பெரியவர்கள் சும்மா விடமாட்டினம்.

வானம் நல்லாய் வந்திருக்கிறது. வழக்கமாகக் கலரைக் கூட்டிவிடுவார்கள், வெளிறிய வடநாட்டு வானம் அடர்நீலமாகிவிடும். "கலர் தொடவேண்டாம்" என்று முதலே சொன்னால் கேட்கிறார்கள். பாய்மர உச்சியும் வானமும் சேர்ந்த ஒரு துண்டை, கேட்ட அளவிலேயே, முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது.

பிறேம் வேலை சுமார். ஒன்றரை அங்குலத் தடிப்புச் சட்டத்தில் ஓவியத்தின் ஓரத்தையே மடித்திருக்கிறார்கள்; மேல் விளிம்பு வானம் பின்பக்கம் போய்விட்டது. நாலு பக்கமும் 2 அங்குலம் வெறுங் கன்வஸ் விடச் சொல்லவேண்டும். ஸ்ரேப்ளர் கம்பி சாதாரண இரும்பு. உப்புக் காற்றுக்குத் துருப்பிடித்து, கறை முன்பக்கமும் ஊறும். துருப்பிடியாத கம்பி கேட்டு வாங்கவேண்டும். மூலைகளில் ஆப்பு இல்லை. கார்த்திகை மழையில் கன்வஸ் தொய்ந்தால் திரும்ப இறுக்க வழியில்லை.

இதே கடையில் கப்பற்படம் அடிப்பதென்றால் கன்வஸ் வேண்டாம். மினுக்கமில்லாத தடித்த தாளில் அடித்து, தாளில் முட்டாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடி போடுவிக்கலாம். கோடு முறியாது.