டிஸ்சார்ஜ் புக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள்

நீலகிரியில் இருக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள், முக்கியமாகத் தனியாக இருக்கும் அம்மாக்கள், இதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் ஒருவர் "சோல்ஜர் போர்டு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) வேலையெல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று வீடு வீடாக வருகிறார். எங்கள் அம்மாவை ஏமாற்றியது அவர்தான்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகுதான் தங்கை கல்யாணம் நடந்தது. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் மகள் திருமணத்துக்கு, முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு உதவித்தொகை தருகிறது, இரண்டு மகள்கள் வரை; 50,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பரிலிருந்து 1 லட்சம் ரூபாய். டிசம்பர் 7-ம் தேதி ஊரெல்லாம் உண்டியல் குலுக்கிச் சேர்க்கிற கொடி நாள் நிதி அது. ராணுவக் கேன்டீன் வரிசையில் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்த இந்த ஆள், "மேலே கொஞ்சம் கொடுத்தால்தான் ஃபைல் நகரும்மா" என்று 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ரசீது கிடையாது. அதைவிடக் கொடுமை, அப்பாவின் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கையும் (ராணுவப் பணி விவரங்கள் அடங்கிய ஓய்வுப் புத்தகம்) வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு போன் செய்தால் ஒரே பதில்தான்: "ஃபைல் டெல்லிக்குப் போயிருக்கு." நான் கோவையில் வேலை பார்க்கிறேன். லீவில் வந்தபோது அம்மாவை ஊட்டியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பாவின் ஆர்மி நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். விண்ணப்பமே பதிவாகவில்லை! ஆன்லைனில் விண்ணப்பித்து, டிஸ்சார்ஜ் புக், அடையாள அட்டை, திருமணச் சான்று, பாஸ்புக் இவற்றைக் காட்டினால் போதுமாம். சரிபார்த்து மேலே அனுப்புவது அந்த அலுவலகத்தின் வேலை, அதற்குக் கட்டணமே இல்லை. கல்யாணமாகி 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்து, "முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே அக்கா" என்றார்.

போலீஸில் புகார் கொடுத்தோம். அந்த ஆளை வரவழைத்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக நாலைந்து டிஸ்சார்ஜ் புக்குகள், நடுவில் அப்பாவுடையது. மற்றவை யாருடையவையோ! நாட்டுக்காக உழைத்தவர்களின் வாழ்க்கை முழுக்க அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. புத்தகம் திரும்பி வந்தது, பணம் இன்னும் வரவில்லை.

அப்புறம் கேள்விப்பட்டேன், இப்போது அவர் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' கடனைக் காட்டி இளம் வயதில் ஓய்வு பெற்றவர்களைப் பிடிக்கிறாராம். அது தமிழக அரசின் நிஜமான திட்டம்தான்: தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். விசாரிக்க வேண்டிய இடம் அதே ஊட்டி அலுவலகம். "மானியத்தில் எனக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த அலுவலகமானாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் புத்தகம் ஏற்கெனவே இப்படி யாரிடமாவது போயிருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.