பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட், ரெண்டு மாச அனுபவம்

2014ல வாங்குன லேப்டாப், 4 ஜிபி ராம் தான், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட்டும் நின்னுபோச்சு, ஆனா காயலான் கடைக்கு போட மனசு வரல. சரின்னு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏத்தி, அதுலயும் பழைய மெஷினுக்கு ஏத்த லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ளத எடுத்து, இன்ஸ்டால் பண்ணாம அதுலேர்ந்தே ஓட்டிப் பாத்தேன், வைஃபை, சவுண்டு எல்லாம் உடனே வேலை செஞ்சுது, அப்புறம் தான் தைரியமா ஹார்டு டிஸ்க்ல போட்டேன்.

எனக்கு ரொம்ப பிடிச்சது தமிழ் டைப்பிங் தான். வேற மொழில டைப் பண்ண உதவுற ஐபஸ்ங்கிற டூல்ல தமிழ்99 கீபோர்டு முறைய சேத்துட்டா போதும், 'அம்மா'ன்னு அடிக்க ம-வ ரெண்டு தடவ தட்டுனா முதல் ம-வுக்கு புள்ளி தானா விழுது, அவ்ளோ சுகமா இருக்கு!

பிரிண்டர் தான் ரெண்டு நாள் படுத்தி எடுத்துருச்சு, அந்த கம்பெனி லினக்ஸுக்கு டிரைவரே (பிரிண்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) தரல, வேற பொதுவான டிரைவர் போட்டு ஒருவழியா ஓடுது, கலர் மட்டும் கொஞ்சம் மங்கல். சிஸ்டத்த பழைய நிலைக்கே திருப்புற டைம்ஷிஃப்ட்ங்கிற டூல் மின்ட் கூடவே வருது, முதல் நாளே அதுல ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் அப்போ இருக்குற நிலையோட நகல்) எடுத்து வச்சுருங்க, டிரைவர நோண்டி டெஸ்க்டாப்பே வராம போனப்ப என்னை காப்பாத்துனது அதுதான். போட்டோஷாப் கட்டாயம் வேணும்கிறவங்களுக்கு இது சரிப்படாது. பிரவுசர், எழுத்து வேலை, படம் பாக்க தாராளமா போடலாம்.