வீட்டு வாசலுக்கே வந்து கார் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. வாட்டர் வாஷ், ரப்பிங் பாலிஷ், வேக்ஸ் மூன்றும் சேர்த்து 1,800 ரூபாய், வீட்டுக்கே வந்து செய்து தருவோம் என்று போட்டிருந்தது. ஆயுத பூஜை சமயத்தில் கோவையில் எந்த வாட்டர் சர்வீஸுக்குப் போனாலும் வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அதனால் நான் போன் செய்தேன். இன்றைக்கு என் காரின் பானெட்டுக்கும் ஒரு கதவுக்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டிய நிலை. இதே ஆட்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

கார் 2017இல் வாங்கிய ஸ்விஃப்ட், அடர் நீலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அதைக் கழுவுவது அப்பாவின் வேலை. போர் தண்ணீரைத் தொடமாட்டார். அது உப்புத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்து அதில்தான் கழுவுவார். எட்டு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டி. இந்த வருஷம் அவருக்கு முழங்கால் வலி. குனிந்து நிமிர முடியவில்லை. பூஜைக்கு வண்டி பளிச்சென்று இருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு ஆம்னி வேன், ஒரு பஃபிங் மெஷின், ஒரு பக்கெட், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். பதினொன்றரை மணி. வண்டி வெயிலில் நின்றது. பானெட்டில் கை வைக்க முடியவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளிக்குங்க, சூட்டுல பாலிஷ் போட வேண்டாம்" என்றார். "வெயில்ல போட்டாத்தானுங்க ஐயா நல்லாப் பிடிக்கும்" என்று பெரியவன் சொன்னான். அது முழுக்கத் தப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சூடான தகட்டில் காம்பவுண்ட், அதாவது தேய்க்கிற பாலிஷ் பசை, உடனே காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் மெஷினை அழுத்தினால் பெயிண்டைச் சுரண்டுகிற வேலைதான் நடக்கும்.

தண்ணீர் அடித்தார்கள். சோப்பு நுரை போட்டார்கள். சின்னவன் நான்கு சக்கரத்தையும் ஒரு துணியால் தேய்த்துவிட்டு, அதே துணியை அதே பக்கெட்டில் முக்கிக் கதவைத் தேய்த்தான். சக்கரத்தில் இருப்பது வெறும் மண் இல்லை. பிரேக் பேடிலிருந்து உதிரும் தூள், தாரில் ஒட்டிய பொடிக்கல் எல்லாம் அதில் இருக்கும். அதை அப்படியே எடுத்து வந்து கதவில் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கழுவி முடித்ததும் பெரியவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சார், இந்தக் கலருக்கு வேக்ஸ் ரெண்டு மாசம்கூட நிக்காது. செராமிக் போட்டுக்குங்க, பெயிண்ட் மேல கெட்டியாப் படியற பூச்சுங்க. கடையில 20,000 ஆகும், நம்மகிட்ட 6,500தான். 9ஹெச் கோட்டிங், சாவியை வச்சுக் கீறினாலும் கோடு விழாது. ரெண்டு வருஷம் கேரண்டி" என்றான். அட்டையில் அச்சடித்த கேரண்டி கார்டையும் காட்டினான். பண்டிகை நேரம், வண்டி பாதி வேலையில் நிற்கிறது, அப்பாவும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி என்றேன்.

மெஷினைக் கம்பளி பேடோடு எடுத்து, மொத்த வண்டியையும் முக்கால் மணி நேரத்தில் தேய்த்து முடித்தார்கள். ரப்பர் பீடிங்கிலோ கறுப்பு பிளாஸ்டிக்கிலோ பேப்பர் டேப் ஒட்டவே இல்லை. வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக்கில் அன்று படிந்த வெள்ளைக் கறை இன்றும் போகவில்லை. பிறகு லேபிள் இல்லாத ஒரு பெரிய ஸ்பிரே பாட்டிலிலிருந்து எதையோ அடித்து பனியன் வேஸ்ட்டால் துடைத்தார்கள். அதுதான் செராமிக்காம். கடைசியாகக் கண்ணாடிக்கு மறுபடியும் ஹோஸில் தண்ணீர் அடித்துவிட்டு, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்து வீட்டு அக்கா நம்பர் வாங்கிக்கொண்டார்.

பூஜை நாளில் பானெட்டுக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். இரண்டு நாள் கழித்து அப்பா ஈரத்துணியால் விபூதியைத் துடைத்தார். எல்லாம் போனது. பானெட்டின் இடதுபக்க மடிப்பில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் கோடு போகவில்லை. விபூதி காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி நனைத்துத் துடைத்தார். அப்புறம் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். என்னைக் கூப்பிட்டு, "இது விபூதி இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். அது பிரைமர். நீலம் முழுக்கத் தேய்ந்து அடியில் இருக்கிற பூச்சு வெளியே வந்திருந்தது.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து மழை அடித்து ஓய்ந்த பிறகு ஒரு காலை வெயிலில் வண்டியைப் பார்த்தேன். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிலும் சிலந்திவலை மாதிரி வட்டவட்டமாகக் கீறல். பானெட், கூரை, நான்கு கதவு, எங்கே பார்த்தாலும் அதுதான். மெஷின் போன தடம் மேகம் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கழுவி மின்னிய அன்று இதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக இதே வேலை செய்கிறவர். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு துணியில் ஸ்பிரிட்டை நனைத்து, இன்னும் ஓரளவு மினுமினுப்பு மிச்சமிருந்த பின்கதவில் பாதியை மட்டும் துடைத்தார். போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். துடைக்காத பாதியில் வழவழப்பு. துடைத்த பாதியில் கீறல் அத்தனையும் பல்லைக் காட்டியது. "பாருங்க, கீறல் போகலை. எண்ணெய்ப் பசையை வச்சு அடைச்சிருக்காங்க. ரெண்டு மழைக்கு அது கழுவிக்கும், அடியில இருக்கறது வெளிய வரும். செராமிக்குன்னு இவனுங்க அடிக்கறதெல்லாம் இதேதானுங்க" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்குக் கணக்கே புரிந்தது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் அத்தனை அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். கிட்டத்தட்ட ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் மேலே இருக்கிற நிறமில்லாத க்ளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அந்த அடுக்கு. ரப்பிங் என்பது அந்த க்ளியரைக் கொஞ்சம் சீவி எடுத்துக் கீறலைச் சமன் செய்கிற வேலை. நம் கைத்தோல் மாதிரி அது மறுபடி வளராது. மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. அங்கே வேகமாகச் சுற்றுகிற மெஷினை ஒரு நொடி அதிகம் வைத்தாலே பிரைமர் வந்துவிடும். தெரிந்தவர்கள் ஓரங்களுக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள்.

பாலிஷும் வேக்ஸும் ஒன்று என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாலிஷ் சீவி எடுப்பது. வேக்ஸ் மேலே பூசுவது. வேக்ஸை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. ரப்பிங்கை ஒவ்வொரு பண்டிகைக்கும் போட்டால் க்ளியர் தாங்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் நான் அவர்களை மெஷினையே எடுக்க விட்டிருக்க மாட்டேன்.

செராமிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான கோட்டிங் 30 அல்லது 50 மில்லி சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரு காருக்கு அதுவே போதும். அதற்கு முன்னால் வண்டியைக் கழுவி, க்ளே என்கிற களிமண் மாதிரியான கட்டியால் தேய்த்துப் பிசின், தார்ப்புள்ளி எல்லாம் எடுத்து, பாலிஷ் செய்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை துடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகமாகச் சின்னத் துணியில் தடவி உடனே சமன் செய்ய வேண்டும். குறைந்தது ஒரு நாள் மேலே தண்ணீரே படக் கூடாது, ஒரு வாரத்துக்குச் சோப்பு போடக் கூடாது. போட்ட கையோடு ஹோஸ் பிடித்தார்களே, அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். 9ஹெச் என்பதும் பென்சில் சோதனை. 9ஹெச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேரண்டி கார்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுத்தான். "அது உங்க உப்புத் தண்ணிங்க சார், போர் தண்ணியில கழுவியிருப்பீங்க" என்றான். எட்டு வருஷம் சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து கழுவிய மனுஷன் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இரண்டாவது தடவை போட்டோ அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். கார்டில் முகவரி இல்லை. ஜிபேயிலும் கடைப் பெயர் இல்லை, ஒரு தனிநபர் பெயர்தான்.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பேசினேன். தன்மையாகத்தான் பேசினார்கள். பில் இருக்கிறதா, கடைப் பெயர், முகவரி என்ன என்று கேட்டார்கள். என்னிடம் எதுவும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய சேவைக்குக் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம், 2 வருஷம் வரைக்கும் அவகாசம் உண்டு. ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர ஒரு முகவரி வேண்டுமே. அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே முகவரியோடு பில் கேளுங்கள். தயங்கினால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு கையகல இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

பெயிண்டர் அண்ணன் பானெட்டுக்கு 5,500, கதவுக்கு 5,000 என்று சொல்லியிருக்கிறார். மற்ற இடங்களை இனி மெஷின் வைத்துத் தொடவே வேண்டாம், கீறல் இருந்துவிட்டுப் போகட்டும், க்ளியர் மிச்சமிருப்பதே பெரிது என்றார். அவர் வேலை தேடிக்கொள்ளாமல் உள்ளதைச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

உண்மையில் இதற்கு ஆளே தேவையில்லை. இப்போது ஞாயிறு காலை நானே கழுவுகிறேன், அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லித் தருகிறார். வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்து இறக்கிவிட வேண்டும், அதற்கு முன் துணியே படக் கூடாது. இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வருவோம். சக்கரம் கடைசி, அதற்குத் தனித் துணி. பாத்திரம் துலக்குகிற சோப்பு வேண்டாம், அது போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். பனியன் வேஸ்ட்டும் வேண்டாம், அதன் தையல் மடிப்பே கோடு போடும். நல்ல மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கத் தேவையில்லை. தண்ணீர் தானாகக் காய விடக் கூடாது. வேக்ஸ் போடுகிற அன்று ஒரு பாகத்துக்கு ஒரு விரல்நுனி அளவு, மெல்லிசாகத் தடவி, மங்கலாகப் படிந்ததும் வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

நேற்று இன்னொரு குழுவில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். பெயர் வேறு, நம்பர் வேறு. படங்களும் எழுத்துப் பிழைகளும் அதேதான். செராமிக் இப்போது 5,999. பொங்கல் சலுகையாம். பக்கத்து வீட்டு அக்காவும் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் பானெட்டைக் காட்டினேன், கேன்சல் செய்துவிட்டார். உங்கள் குழுவிலும் அது வந்திருந்தால், இந்தப் பதிவை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்.