குளிரில் எழும்பாத பழைய டீசல் கார்: ஹீட்டர் பிளக்கா, பேட்டரியா, தள்ளுவதா, ஸ்பிரேயா?

வேலூர்க்காரன் குளிரைப் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வார்கள். மே மாதம் கோட்டை மதிலில் கை வைக்க முடியாத ஊர். ஆனால் மார்கழியில் காலை ஆறு மணிக்குச் சத்துவாச்சாரி தெருவில் நின்று கேளுங்கள், பழைய டீசல் வண்டிகள் கர்... கர்... என்று இழுத்துக்கொண்டிருக்கும். என்னுடைய 2003 மாடல் கார் போன தை மாதம் ஏலகிரியில் படுத்தேவிட்டது. சுமார் 1,100 மீட்டர் உயரம், பனிமூட்டம், பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். வண்டியைச் சுற்றி நான்கு பேர், ஆளுக்கொரு வைத்தியம்.

பேட்டரி போய்விட்டது என்றான் மச்சான். தள்ளினால் எடுத்துக்கொள்ளும் என்றார் ஒரு டாக்ஸிக்காரர். பக்கத்து அறைக்காரர், எழும்பாத இன்ஜினுக்குள் அடிக்கும் ஒரு ஸ்பிரே டப்பாவை நீட்டினார். தங்கியிருந்த விடுதியின் வாட்ச்மேன் ஒரு குடம் வெந்நீரோடு வந்தார்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை நசுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாது, சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் போகும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த அந்த அறையின் சுவர் சூட்டைக் குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் காற்றை 22 மடங்கு வரை நசுக்குகிறார்கள், கூடவே கரண்டில் சிவந்து சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கும் அறைக்கு ஒன்று வைக்கிறார்கள். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டிராக்டருக்கு நம்மூர்க் குளிரில் பெரும்பாலும் இந்த உதவி தேவைப்படாது. அதனால் டிராக்டர் வைத்திருப்பவர் சொல்லும் யோசனையை அப்படியே காரில் செய்து பார்க்காதீர்கள்.

பேட்டரிக் கட்சியை முதலில் பார்ப்போம். குளிரில் பேட்டரி சோர்ந்துபோவது உண்மைதான். மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அது லடாக் கணக்கு. பன்னிரண்டு டிகிரியில் ஒரு பேட்டரி கைவிட்டால், அது கீழே இருக்கும்போதே சாகக் கிடந்தது என்று அர்த்தம். செல்ஃப் அடிக்கும் சத்தமே சொல்லிவிடும். என் வண்டியில் செல்ஃப் சுறுசுறுப்பாகவே சுற்றியது. மச்சான் பேச்சைக் கேட்டிருந்தால் ஆறாயிரம் ரூபாய் தண்டம்.

தள்ளுவது? ஏலகிரியில் சரிவுக்கா பஞ்சம்! ஆனால் அதுதான் வம்பே. டீசல் காரில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜின் எழும்பாமல் வண்டி மட்டும் உருண்டால் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. கீழே காத்திருப்பது 14 கொண்டை ஊசி வளைவுகள். அது போக, டைமிங் பெல்ட் வண்டிகளில் கிளட்சைச் சட்டென்று விடும்போது பழைய பெல்ட் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். சமதரையில், பேட்டரி மட்டும் இறங்கிய வண்டிக்குச் சரி. எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்பிரேதான் இந்த நான்கில் மோசம். அதில் இருப்பது ஈதர், சுமார் 160 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அதை அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். 'டங்' என்று ஒரு சத்தம், வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிஸ்டன் ரிங் உடைந்தது இரண்டு மாதம் கழித்துப் புகையில்தான் தெரியும். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் காட்பாடியில் இருக்கும் என் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "இன்னா சார், வண்டி குளிர்ல தூங்குதா? செல்ஃப் அடிக்க சொல்லோ பின்னால புகை வருதா, அத்த பாரு மொதல்ல" என்றார். பார்த்தேன், வெள்ளைப் புகை வந்தது. டீசல் உள்ளே வருகிறது, பற்றவில்லை. புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை, லைனில் காற்று புகுந்திருக்கிறது, கைப்பம்பை அழுத்திக் காற்றை எடுக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டேன். முதலாவது எரிந்தது. இரண்டாவது எரியவில்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவது எரிந்தது. ஒன்று போனால் வண்டி குலுங்கிக்கொண்டே எடுத்துவிடும். வேலூரில் அப்படித்தான் எத்தனை மாதம் ஓடியதோ, எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு போனதோடு மலைக்குளிரும் சேர்ந்துகொண்டது.

இருந்த இரண்டை வைத்து, சாவியை மூன்று தடவை ஹீட்டரில் போட்டுப் போட்டு விட்டு, நான்காம் முறை செல்ஃப் அடித்தேன். ஒரு சிலிண்டர் உளறியது, இன்னொன்று சேர்ந்துகொண்டது, அரை நிமிடத்தில் நான்கும் ஓடின. ஊருக்கு வந்து நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது, எண்ணெய் விட்டு ஊறவைத்து மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். முரட்டுத்தனமாகத் திருகி உள்ளேயே முறிந்துவிட்டால் ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

வெந்நீரை மறந்துவிட்டேனே. பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் கழுவ உதவியது. மீதியில் பிள்ளைகள் முகம் கழுவினார்கள்.

இதையெல்லாம் கம்மவான்பேட்டை மாமாவிடம் சொன்னபோது மீசைக்குள் சிரித்தார். ராணுவத்தில் லே பக்கம் லாரி ஓட்டியவர். "மாப்ள, அது குளிரே இல்ல" என்றார். அங்கே டீசலில் இருக்கும் மெழுகே திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும், பிளக் எவ்வளவு சிவந்தாலும் பிரயோஜனமில்லை. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து இன்ஜினை ஓடவிடுவார்களாம், ஆயில் சட்டிக்கு அடியில் ஸ்டவ் வைப்பார்களாம், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பார்களாம். மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது 2019இல்தான், மாமா ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து. மண்ணெண்ணெய் யோசனையை மட்டும் இங்கே எடுத்துவராதீர்கள். பழைய டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது, பம்ப் தேய்ந்துவிடும்.

இப்போது டிக்கியில் ஒரு டெஸ்ட் லேம்பும், கழற்றியதில் நன்றாக இருந்த இரண்டு பழைய பிளக்கும், பத்தாம் நம்பர் ஸ்பேனரும் கிடக்கின்றன.