சிட்டார் நீட்சி: தேடல் அருமை, ஹைலைட்டில் ஒரு ஓட்டை

ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு, நூற்பட்டியலில் தேடி மேற்கோளைச் செருக உதவும் சிட்டார் புதிய பெயர் இல்லை. மேற்கோள்களின் வடிவத்தை வரையறுக்கும் சிஎஸ்எல் மொழியைத் தொடங்கிய புரூஸ் டார்கஸ் எழுதிய இலவச நீட்சி, ஈமேக்ஸ் நீட்சிகளின் களஞ்சியமான மெல்பாவில் கிடைக்கிறது, நூற்பட்டியலைப் பிப்டெக் கோப்பாக வைத்திருந்தாலும் படிக்கும், சிஎஸ்எல் ஜேசன் கோப்பாக வைத்திருந்தாலும் படிக்கும். இதில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். பெரிய நூற்பட்டியலில் இரண்டு சொல் தட்டியதும் ஒரு வரி மேலே வருகிறது என்றால், அது எதனால் வந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தவறான நூலை மேற்கோளில் செருகிவிடுவோம், கடைசி நேரத்தில்தான் அது கண்ணில் படும்.

சிட்டாரை மட்டும் தனியாக நிறுவினால் ஏமாற்றமாக இருக்கும். தேடுவதையும் ஹைலைட் செய்வதையும் அது தட்டுவதற்குப் பொருந்தும் வரிகளைக் காட்டும் ஈமேக்ஸின் கம்ப்ளீஷன் அமைப்பிடம் விட்டுவிடுகிறது, அந்த அமைப்போ இயல்பாக வரியின் தொடக்கத்திலிருந்துதான் பொருத்திப் பார்க்கும். அதனால் தலைப்பின் நடுவில் இருக்கும் சொல்லைத் தட்டினால் ஒன்றும் கிடைக்காது. பொருத்திப் பார்க்கும் முறையை மாற்றும் ஆர்டர்லெஸ், கிடைத்தவற்றை வரிவரியாகக் காட்டும் வெர்டிகோ ஆகிய இரண்டு நீட்சிகளையும் கூடவே போடுங்கள், அப்புறம் ஆளே மாறிவிடும். இடைவெளி விட்டுத் தட்டுகிற சொற்கள் எந்த வரிசையில் இருந்தாலும் பொருந்தும், முதல் சொல் பொருந்திய இடத்துக்கு ஒரு நிறம், அடுத்ததற்கு வேறு நிறம் என்று நான்கு நிறங்கள் மாறி மாறி வரும். தென்னிந்திய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவின் நூலைத் தேடி, ஆங்கிலத்தில் கராஷிமா, 2001 என்று தட்டினால் ஆசிரியர் பெயரில் ஒரு நிறமும் ஆண்டில் இன்னொன்றும் தெரியும்; வேறு விளக்கமே தேவையில்லை.

தமிழியல் படிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. நம் பட்டியல்களில் சோழ, தமிழ் போன்ற சொற்கள் ரோமன் எழுத்தில் மேலே கோடு, கீழே கோடு எல்லாம் போட்டு இருக்கும், அவற்றைத் தட்டுவது பெரும் தொல்லை. ஆர்டர்லெஸ்ஸில் சொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி போட்டுச் சாதாரண எழுத்தில் தட்டினால் கோடு போட்ட வடிவமும் பொருந்தும், ஹைலைட்டும் சரியான இடத்தில் விழும். தலைப்புகள் தமிழ் எழுத்திலேயே இருந்தால் மட்டும், எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால், நெடுவரிசைகள் நேராக நிற்காது.

இனி அந்த ஓட்டை. ஒவ்வொரு வரியும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிட்டாரின் இயல்பான வார்ப்புருவில் ஆசிரியருக்கு 30 எழுத்து இடம், ஆண்டுக்கு 4, தலைப்புக்கு 48. அதைத் தாண்டினால் மிச்சம் வெட்டப்படும். வெட்டப்பட்ட பகுதி திரையில்தான் இல்லை, தேடலுக்குள் இருக்கிறது. கராஷிமாவின் 2001 நூலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஹிஸ்டரி அண்ட் சொசைட்டி இன் சவுத் இந்தியா: த சோழாஸ் டு விஜயநகர்'. ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் சோழாஸோடு கிட்டத்தட்ட 48 இடமும் தீர்ந்துவிடுகிறது. விஜயநகர் என்று தேடினால் நூல் வரும், ஆனால் வரியில் எங்குமே நிறம் இருக்காது. இதைப் பார்க்கிறவர் தேடல் பழுது என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. நொபொரு என்று முதற்பெயரைத் தட்டினால் கதை வேறு: ஆசிரியர் பெயரைச் சுருக்கும்போது குடும்பப் பெயர் மட்டுமே தங்குவதால் பொருத்தமே கிடைக்காது.

இரண்டையும் வார்ப்புருவிலேயே சரிசெய்யலாம். தலைப்பில் 48-ஐ நீக்கிவிட்டு நட்சத்திரக் குறி போட்டால் மிச்சமுள்ள அகலத்துக்கு ஏற்ப அது நீளும், ஆசிரியர் புலத்தில் பெயரைச் சுருக்கச் சொல்லும், சதவீதக் குறியோடு வரும் எஸ்என்-ஐ எடுத்துவிட்டால் முழுப்பெயர் வரும். பதிவின் வகையைக் காட்டும் நெடுவரிசைக்கு 12 இடம் போகிறது. எனக்கு அது வீண், தூக்கிவிடலாம். அகலமான திரை இருந்தால் இதுவே போதும்.

மடிக்கணினியில் திரையைப் பாதியாகப் பிரித்து வேலை செய்கிறவர்களுக்கு இது போதாது, அங்கே நட்சத்திரம் போட்டாலும் தலைப்பு வெட்டுப்படத்தான் செய்யும். பொருத்தம் மறைந்த பகுதிக்குள் எங்கே விழுந்தாலும் வெட்டுப்பட்ட இடத்துக்குச் சிட்டாரே நிறம் கொடுக்க வேண்டும், முடிந்தால் பொருந்திய சொல்லை மட்டும் வரியின் ஓரத்தில் காட்ட வேண்டும். மற்றபடி தாராளமாக நிறுவலாம், ஆர்டர்லெஸ் இல்லாமல் மட்டும் வேண்டாம்.