புத்தகம் இல்லாத பழைய கார்: யாழ்ப்பாணத்தில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் தேடுபவருக்குக் கார் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. கோண்டாவிலிலோ வட்டுக்கோட்டையிலோ ஒரு வளவுக்குள், பழைய மாட்டுக்கொட்டிலின் தகரத்துக்குக் கீழே, கோழி அடைகிடந்த பின்னாசனத்தோடு ஓர் ஒஸ்ரின் ஏ40 அல்லது மொறிஸ் மைனர் நின்றுகொண்டிருக்கும். விலை பேசி முடியும் தறுவாயில்தான் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புத்தகம் மட்டும் இல்லைத் தம்பி" என்பார். பதிவுச் சான்றிதழ் ஒற்றைத் தாளாகிப் பல காலம் ஆகியும் நாங்கள் அதைப் புத்தகம் என்றே சொல்கிறோம்.

அந்தப் புத்தகம் இல்லாமற் போனதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அலுமாரியோடு போனது என்பார் ஒருவர். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக் கைமாறி வந்த கார், முதற்சொந்தக்காரர் லண்டன் போய்விட்டார் என்பார் இன்னொருவர். கதை எதுவானாலும், கார் ஓடும்வரை எவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்கான கியூஆர் முறை வந்தபோது வாகன இலக்கத்தோடு, வண்டியின் உடலில் பொறித்த சேசி இலக்கத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே பலர் பெட்டிகளைக் கிளறத் தொடங்கினர்.

உறவினர் வட்டத்துக்குள் இரண்டு கார்களுக்காக நான் அலைந்திருக்கிறேன். ஒன்று மொறிஸ் மைனர். அதன் பதிவு உரிமையாளர் ரொறன்ரோவில் உயிரோடு இருக்கிறார். மற்றையது ஏ40 சோமசெற். அதன் உரிமையாளர் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டும் ஒரே நிலையில் உள்ள கார்கள் போலத்தான் தொடக்கத்தில் தோன்றின. உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு சட்டப் பிரச்சினைகள். காரின் வயதோ துருவோ அல்ல, பதிவேட்டில் உள்ள பெயருக்காக இன்று யார் கையொப்பமிட முடியும் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆகையால் எந்த வழியைத் தேர்வதற்கு முன்னும், பதிவேட்டில் யாருடைய பெயர் நிற்கிறது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். விற்பவர் சொல்லும் பெயரை நம்ப வேண்டாம். எங்கள் மைனர் மூன்று கை மாறியது என்று நினைத்திருந்தோம். பதிவில் முதலாவது ஆளே இருந்தார், இடையில் வந்த இருவரும் தங்கள் பெயருக்கு மாற்றவேயில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் அந்த 14 நாட்கள் சில வேளை நாற்பது ஆண்டுகளாக நீண்டிருக்கின்றன. பதிவில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் முழு உரிமையாளர் என்று இன்னமும் கிடந்தால், கடன் எப்போதோ கட்டி முடிந்திருந்தாலும், அதை நீக்கும் கடிதம் இல்லாமல் எந்த வழியும் நகராது.

அடுத்தது சேசி இலக்கம். மைனரில் பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் ஒரு சிறிய தகடு ஆணியறையப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் வெள்ளையாக எழும். எங்களுடையதில் 3 என்று வாசித்தது 8 ஆக இருந்தது; இரண்டு கிழமை அதிலேயே போனது. அரத்தாள் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது: பின்னர் பரிசோதகர் பார்க்கும்போது, சுத்தம் செய்த அடையாளமும் இலக்கத்தை அழித்த அடையாளமும் ஒன்றுபோலவே தெரியும். எஞ்சினையும் மறக்க வேண்டாம். மைனரின் 948 சிசி எஞ்சின் பழுதாகி, 1962க்குப் பின் வந்த 1098 சிசி எஞ்சின் ஏறியிருக்கலாம். பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிக் களைத்த கார்களுக்கு ஜப்பான் வானின் டீசல் எஞ்சினைப் பூட்டியவர்களும் உண்டு. பதிவில் இருப்பதும் பொனற்றுக்குக் கீழே இருப்பதும் வேறாக இருந்தால், அந்தத் திருத்தத்தையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இனி வழிகளை ஒப்பிடலாம். பதிவு உரிமையாளர் உயிரோடு இலங்கையில் இருந்தால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லை. அவரே பொலிஸில் புத்தகம் தொலைந்த முறைப்பாட்டைப் பதிந்து, சத்தியக்கடதாசி முடித்து, தன் பெயரில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பித்து, அது வந்ததும் உரிமை மாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் செலவை ஏற்கலாம், காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். விண்ணப்பதாரர் ஆக முடியாது. இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும்: நேற்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் தொலைந்தது என்று எழுதுவதே சுலபம் என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். 1995இல் தொலைந்ததை 1995இல் தொலைந்தது என்றே எழுதுங்கள். சத்தியக்கடதாசியில் பொய் எழுதினால் குற்றம் ஒப்பமிட்டவர் தலையில்தான் விழும். எழுதச் சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போதுதான் முதலாவது உண்மையான தெரிவு வருகிறது: அவர் விடுமுறைக்கு வரும்வரை காத்திருப்பதா, அவருக்காக இங்கே ஒருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எடுப்பதா? நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார் என்று காத்திருந்து மூன்று திருவிழாக்களை விட்டவன் என்ற முறையில், அற்றோணித் தத்துவத்தையே நான் சொல்வேன். அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ உறுதிப்படுத்தி, இங்கே முறைப்படி பதிவு செய்த மூலப் பத்திரம் கையில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு எந்தக் கருமபீடத்திலும் நிற்க முடியாது. பத்திரத்தில் 'என் வாகனம் தொடர்பான கருமங்கள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, வாகன இலக்கம், சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, இரண்டாம் பிரதி பெறவும் உரிமை மாற்றத்தில் ஒப்பமிடவும் தனித்தனியாக அதிகாரம் கொடுப்பதே பாதுகாப்பு. வாங்குபவரையே அற்றோணியாக நியமித்தால் அவரே விற்று அவரே வாங்குவதாகிவிடும். இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால் பின்னர் கேள்வி வராது. இந்த வழியின் பலவீனம் ஒன்றே ஒன்று. கொடுத்தவர் இறந்த அன்றே பத்திரமும் இறந்துவிடும். எண்பது வயதைக் கடந்த ஒருவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் வாங்கி, அதை அலுமாரியில் வைத்துவிட்டுப் பெயின்ற் வேலையைத் தொடங்குபவரைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வரும்.

இதற்கு நேரெதிரில் நிற்பது இறந்தவரின் கார். மகன் கொட்டிலில் வைத்துப் பராமரித்தான், ஆகவே மகனுடையது என்பது ஊர் வழக்கு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதிலும் எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை குறுக்கே வருகிறது. மணவாழ்க்கைக் காலத்தில் விலை கொடுத்து வாங்கிய கார் தேடியதேட்டம், அதாவது மணத்துக்குப் பின் தேடிய சொத்து. இதுபற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1947இல் திருத்தப்பட்ட பின்னர், ஒருவர் இறந்தால் அதன் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மற்றப் பாதி இறந்தவரின் உரித்தாளிகளுக்கும் போகும். எங்கள் ஏ40 வரிசையில் அம்மா ஒருவர், பிள்ளைகள் ஐவர். அவர்களில் மூவர் மூன்று நாடுகளில். கொட்டிலின் திறப்பை வைத்திருப்பவர் விற்கத் தயார் என்றால் அது ஆறு பேரில் ஒருவர் தயார் என்பது மட்டுமே.

ஆகையால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, இறந்தவரின் ஆதனத்தை நிருவகிக்கும் அதிகாரப் பத்திரம், பத்திரிகை அறிவித்தல், மற்ற உரித்தாளிகளின் சம்மதங்கள் என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. ஒரு பழைய காருக்காக மட்டும் இந்த வழக்கைத் தொடங்கினால், சட்டத்தரணியின் கட்டணமும் அலைச்சலும் சேர்ந்து காரின் விலையை எட்டிப் பிடிக்கக்கூடும். ஆனால் அதே தகப்பனின் பெயரில் காணியோ வங்கிப் பணமோ எப்படியும் தீர்க்கப்படாமல் கிடக்கும். அந்த வழக்கின் ஆதன அட்டவணையில் காரையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், காருக்கென்று தனிச் செலவு மிகக் குறைவு. குடும்பத்தில் ஏற்கனவே அப்படியொரு வழக்கு நடந்து முடிந்திருந்தால், அதில் காரைச் சேர்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டில் காணியைச் சேர்த்தார்கள், வங்கிக் கணக்கைச் சேர்த்தார்கள், தையல் மெசினைக்கூடச் சேர்த்தார்கள். கார் அப்போது துருப்பிடித்த இரும்பு என்று விட்டுவிட்டார்கள்.

உரிமையாளர் போர்க்காலத்தில் காணாமற்போனவராக இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே இந்தப் பேச்சையே மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் மரண அத்தாட்சிப் பத்திரம் எடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் அதற்குத் தங்களுக்கென்று நியாயம் வைத்திருக்கிறார்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தம் மரணத்தைச் சொல்லாமல், காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழிசெய்தது. அதைக்கொண்டு காணாமற்போனவரின் உடைமைகளைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். விற்றுப் பெயர் மாற்றும் அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அத்தகைய வீட்டுக் காரை வாங்குபவர் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பணம் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லதன்று.

பதிவிலுள்ள ஆளையோ உரித்தாளிகளையோ எவ்வளவு தேடியும் காணாதவிடத்து, உரிமையைப் பிரகடனப்படுத்துமாறு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்பதே எஞ்சும் வழி. இங்கே பலர் ஒரு தவறான நம்பிக்கையோடு போகிறார்கள்: பத்து வருடம் ஆண்டால் சொந்தம் என்று. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் அந்தப் பத்து வருடக் கதை காணி, வீடு போன்ற அசையாத ஆதனங்களுக்கு உரியது. கொட்டிலில் பத்து வருடம் அசையாமல் நின்றதற்காகக் கார் அசையா ஆதனமாகிவிடாது. இந்த வழியில் உங்களுக்குக் கைகொடுப்பது வாங்கியபோது எழுதிய துண்டுச்சீட்டு, வாகனத்துக்கு வருடாவருடம் எடுத்த பழைய வருமான அனுமதிப் பத்திரங்கள், காப்புறுதிச் சீட்டுகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் முதலியவை. மற்றெல்லா வழிகளையும்விட மெதுவானது இது; ஆனால் முடிந்தால் அதன்மேல் எவரும் வந்து உரிமை கோருவது கடினம்.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியாக, ஒன்றும் செய்யாமல் ஓப்பின் பேப்பரிலேயே, அதாவது உரிமையாளர் ஒப்பமிட்டுக் கொடுத்த வெற்று மாற்றப் படிவத்தோடேயே, ஓட்டுவது என்ற வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மிகுதியானோர் தேர்வது இதைத்தான். புகைப் பரிசோதனை, மூன்றாந் தரப்புக் காப்புறுதி, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப் பத்திரம் ஆகிய அனைத்தும் பழைய பெயரிலேயே வருடாவருடம் நடந்துவிடும். செலவு குறைவு, அலைச்சல் இல்லை. ஓடும்வரை எல்லாம் ஒழுங்குபோலவே தோன்றும். ஒரு விபத்து நடந்தால் அழைப்பாணை பதிவிலுள்ள பெயருக்குப் போகும். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் இழப்பீட்டைக் கோரும் உரித்து உங்களுக்கு உண்டா என்ற கேள்வி எழும். அதைவிட மோசமானது, வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட்டவர் இறந்த பிறகு, அதில் புதிய திகதியைப் போட்டுச் சமர்ப்பிப்பது. அது தாமதித்த உரிமை மாற்றம் அல்ல, மோசடி. ஓப்பின் பேப்பரோடு ஒரு கார் உங்களிடம் இருந்தால், அதை இந்த மாதமே பாவிக்க வேண்டிய பொருளாக எண்ணுங்கள்.

கடைசியாக, கராச்சுகளில் மெல்லிய குரலில் சொல்லப்படும் வழி: நொறுங்கிப்போன இன்னொரு மைனரின் புத்தகத்தை வாங்கி, அதன் தகட்டைக் கழற்றி இதில் அறைவது. விலை மலிவு, வேகமும் அதிகம். நான் இதை ஒப்பீட்டுக்குள் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் இதன் முடிவில் உங்களிடம் இருப்பது புத்தகம் உள்ள கார் அல்ல. புத்தகத்திலுள்ள கார் எங்கோ இரும்புக்குப் போய்விட்டது, உங்களிடம் இருப்பது குற்றச் சான்று.

மைனருக்குச் சென்ற ஆண்டு புதிய சான்றிதழ் வந்தது. அற்றோணித் தத்துவம் கையில் கிடைத்ததிலிருந்து ஏழு மாதங்கள், அதில் சேசி இலக்கத்தின் அந்த 8க்காகப் போன இரண்டு கிழமையும் அடக்கம். ஏ40 இன்னமும் கொட்டிலில்தான் நிற்கிறது. நால்வர் ஒப்பமிட்டுவிட்டார்கள், ஐந்தாமவரின் சம்மதக் கடிதம் மெல்பேணிலிருந்து தபாலில் வந்துகொண்டிருக்கிறது, அம்மா மட்டும் அந்தக் காரில் ஒரு தரம் நயினாதீவுக்குப் போகக் குறிகாட்டுவான் வரை ஏற்றிச் சென்றால்தான் கையொப்பம் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.